பரீட்சை வேற, தேர்வு வேற

இந்த எபிசோடை ஹெட்போன் மாட்டிக்கிட்டு புதுச்சேரியில நடந்துக்கிட்டே கேக்குறீங்கன்னா ரொம்ப நல்லது. ஏன்னா இன்னைக்குப் பேசப்போற மூணு பள்ளிக்கூடமும் நடக்கிற தூரத்துலதான் இருக்கு. மிஷன் வீதியில கல்வே காலேஜ். பேர்லதான் காலேஜ், பிரெஞ்சுக்காரங்க காலத்துப் பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. உண்மையில அது அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கிருந்து கிழக்கே போய் பெரிய வாய்க்காலைத் தாண்டினா, விக்டர் சிமோனல் வீதியில பிரெஞ்சு லிசே. 1826ல ஆரம்பிச்ச பள்ளி, இன்னைக்கும் பிரான்ஸ் நாட்டுப் பாடத்திட்டம். இன்னும் கொஞ்சம் வடக்கே, அரவிந்தர் ஆசிரமத்துக்குப் பக்கத்துல, ஆசிரமம் நடத்துற ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம்.

ஒரே ஊரு, ஒரே வெயிலு. ஆனா ஒரு பிள்ளை என்ன கத்துக்கிட்டிருக்குன்னு கண்டுபிடிக்க மூணு இடத்துலயும் மூணு வழி. ஒண்ணுல மூணு மணி நேரம் எழுதணும். இன்னொண்ணுல எழுதுறதோட சேர்த்து ரெண்டு பேர் முன்னாடி நின்னு பேசணும். மூணாவதுல பொதுத் தேர்வும் கிடையாது, பட்டமும் கிடையாது.

இதுல எது பெஸ்ட்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: எதுக்காக அளக்கிறோம்?

நாம ரெண்டு வார்த்தையை ஒரே அர்த்தத்துல பயன்படுத்துறோம். பரீட்சை, தேர்வு. பரீட்சை வடமொழியிலிருந்து வந்த சொல். நல்லா உத்துப் பார்க்கிறது, சோதிச்சுப் பார்க்கிறதுன்னு பொருள். தேர்வு நம்ம சொல், தேர்ந்தெடுக்கிறது. பலரில் சிலரை எடுத்து மத்தவங்களை விடுறது. சுகர் டெஸ்ட் எடுக்கிறீங்க, ரிசல்ட் உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும் போகும், அதை வெச்சு மாத்திரையை மாத்துவாங்க. அது பரீட்சை. போலீஸ் வேலைக்கு உயரம் அளக்கிறாங்க, அரை சென்டிமீட்டர் குறைஞ்சா வீட்டுக்கு அனுப்புறாங்க. அது தேர்வு. சுகர் அளவை வெச்சு உங்களுக்கு ரேங்க் போட்டா என்ன ஆகும்? டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் பட்டினி கிடந்து நம்பரைக் குறைச்சுக் காட்டுவீங்க. டாக்டருக்கு உங்க உடம்பைப் பத்தி ஒண்ணுமே தெரியாமப் போயிடும்.

நம்ம பள்ளிக்கூடங்கள்ல இந்த ரெண்டையும் ஒரே வினாத்தாள்ல கட்டி வெச்சிருக்கோம். எழுத்துத் தேர்வுக்கு மாற்று தேடுற எல்லாரும் கடைசியில இந்த முடிச்சுலதான் வந்து மாட்டிக்கிறாங்க. எப்படி மாட்டுறாங்கன்னு மூணு இடத்தையும் பார்த்தா புரியும்.

முதல்ல லிசே. பிரெஞ்சு பள்ளிப் படிப்போட முடிவுல பக்கலோரேயா, சுருக்கமா 'பாக்'. 2021லிருந்து நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் பள்ளிக்குள்ளேயே தொடர்ந்து நடக்கும் மதிப்பீட்டிலிருந்து வருகிறது. 60 சதவீதம் இறுதித் தேர்வுகளிலிருந்து. அந்த இறுதித் தேர்வுகளில் ஒன்றின் பெயர் 'கிராண்ட் ஓரல்'. பெரிய வாய்மொழித் தேர்வு.

அது நடக்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். மாணவர் தான் எடுத்துப் படித்த சிறப்புப் பாடங்களிலிருந்து இரண்டு கேள்விகளைத் தானே உருவாக்கணும். கவனிங்க, பதில் இல்ல, கேள்வி. வருஷம் முழுக்க அந்த ரெண்டு கேள்வியோடயே சுத்தணும். தேர்வு நாள்ல ரெண்டு ஆசிரியர் உட்கார்ந்திருப்பாங்க, ரெண்டுல ஒண்ணை அவங்க தேர்ந்தெடுப்பாங்க. 20 நிமிஷம் தயாரிப்பு. அப்புறம் 10 நிமிஷம் பேச்சு, 10 நிமிஷம் கேள்வி பதில். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் மாணவரோட பாடத்தைச் சேராதவரா இருக்கணும். நீங்க கணக்குல ஒரு கேள்வி எடுத்தா, முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் வரலாறு சொல்லிக் கொடுக்கிறவரா இருக்கலாம். விஷயம் தெரிஞ்சவர்கிட்ட கலைச்சொல்லை அள்ளி வீசித் தப்பிச்சிடலாம். தெரியாதவருக்குப் புரிய வைக்கணும்னா உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சிருக்கணும்.

இதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பிரெஞ்சு மொழிப் பாடத்துக்கும் வாய்மொழித் தேர்வு உண்டு. அரை மணி நேரம் தயாரிப்பு, 20 நிமிஷம் பேச்சு. அதுக்கும் கீழே, நம்ம ஒன்பதாம் வகுப்பு வயசுல எழுதுற 'பிரெவே' தேர்வுல, செஞ்ச ஒரு புராஜெக்டைப் பத்தி 15 நிமிஷம் பேசணும். அதாவது 17, 18 வயசுல கிராண்ட் ஓரலுக்கு வந்து நிக்கிற பிள்ளை திடீர்னு மேடையில தள்ளி விடப்பட்ட பிள்ளை இல்ல. பேசிப் பேசிப் பழகி வந்தது. நம்ம ஊர்ல பத்து வருஷம் "வாயை மூடு"ன்னு சொல்லிட்டு, காலேஜ் கடைசி வருஷத்துல பிளேஸ்மென்ட்டுக்கு கம்பெனி வரும்போது "கம்யூனிகேஷன் ஸ்கில் இல்ல"ன்னு சொல்றோமே, அதை நினைச்சுப் பாருங்க.

ஆனா வாய்மொழித் தேர்வுன்னாலே நமக்கு ஒரு பயம் இருக்கு. அந்தப் பயம் நியாயமானது. என் காலேஜ் வைவா ஒண்ணுல (எந்தக் காலேஜ்னு சொல்ல வேண்டாம்) வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு?" ரெண்டாவது, "அப்பா என்ன பண்றாரு?" மூணாவதுதான் பாடம். அந்த முதல் ரெண்டு கேள்வியும் எதைத் தெரிஞ்சுக்கக் கேக்குறதுன்னு தமிழ்நாட்டுலயும் புதுச்சேரியிலயும் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. நேர்ல பேசும்போது உங்க முகம் தெரியுது, நிறம் தெரியுது, பேச்சுல ஊர் தெரியுது. விடைத்தாள்ல அது எதுவும் தெரியாது. பேரை மறைச்சு, டம்மி நம்பர் போட்டு, வேற மாவட்டத்துக்கு அனுப்பித் திருத்துற பொதுத் தேர்வு முறையில எத்தனையோ குறை இருக்கலாம். ஆனா அந்த மறைப்பு ஒரு பாதுகாப்பு. முதல் தலைமுறையா படிக்க வந்த எத்தனையோ பேர் அந்த மறைப்பு வழியாத்தான் உள்ளே வந்தாங்க. எழுத்துத் தேர்வைத் திட்டுற கட்டுரைகள்ல இந்த வரி பெரும்பாலும் காணாமப் போயிடும். அதான் அழுத்திச் சொல்றேன்.

வரலாறும் இதைத்தான் காட்டுது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1845 வரை பள்ளிப் பரீட்சை என்றால் வாய்மொழிதான். ஊர்ப் பெரிய மனிதர்கள் அடங்கிய குழு வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கு வரும், சில பிள்ளைகளை எழுப்பி சில கேள்வி கேட்கும், "ஆஹா பிரமாதம்" என்று போய்விடும். யாரை எழுப்புவது, எவ்வளவு சுலபமாகக் கேட்பது எல்லாம் அவர்கள் இஷ்டம். அந்த வருஷம் ஹோரஸ் மானும் அவருடைய நண்பர் சாமுவேல் ஹோவும் முன்நின்று, அச்சடித்த ஒரே வினாத்தாளை எல்லாப் பள்ளிக்கும் கொடுத்து எழுத வைத்தார்கள். ரிசல்ட் ஊரையே அதிர வைத்தது. எழுத்துத் தேர்வு அங்கே வந்ததே ஒரு சீர்திருத்தமாகத்தான்.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் சுவாரசியமானது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துத் தேர்வு இல்லை. எண்சுவடியைச் சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மத்த பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்லணும். வாய்ப்பாடு, நெல்லின் அளவு, நிலத்தின் அளவு எல்லாம் மனசுக்குள். இதை வெறும் மனப்பாடம்னு ஒதுக்கிட முடியாதுன்னு விரிவா எழுதியவர் செந்தில் பாபு. இங்கே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல இருக்கிற வரலாற்றாய்வாளர். 2022ல வந்த அவருடைய புத்தகம் 'மேத்தமேடிக்ஸ் அண்ட் சொசைட்டி'. அந்தப் பள்ளிகள்ல நினைவாற்றல்ங்கிறது கத்துக்கிற வழியாவே இருந்தது, அந்தக் கணக்கு ஊரோட நிலம், தானியம், கூலி அளக்கிற நடைமுறையோட பிணைஞ்சு இருந்ததுங்கிறது அவர் ஆய்வோட முக்கியமான பகுதி. அதாவது பிள்ளைக்குக் கணக்கு வருதாங்கிறது ஊருக்கே தெரியும். களத்துல நெல்லை அளக்கச் சொன்னா தெரிஞ்சு போகுது. ஆனா அந்தத் திண்ணையில பெரும்பாலும் யார் உட்கார்ந்திருந்தாங்க, யார் உட்கார முடியலைன்னும் சேர்த்துத்தான் யோசிக்கணும். ஊரே பார்த்து மதிப்பிடுற முறை இனிமையாத் தெரியலாம். அந்த ஊர் யாரைப் பார்க்கவே மறுத்ததுங்கிறது அதே கதையோட இன்னொரு பாதி.

சரி, ஆசிரமப் பள்ளிக்கு வருவோம். 1943 டிசம்பர் 2ஆம் தேதி, சுமார் இருபது குழந்தைகளோட அன்னை தொடங்கின பள்ளி. 1952ல பல்கலைக்கழக மையமா விரிஞ்சது, 1959ல இப்போ இருக்கிற பேர். கணக்கும் அறிவியலும் பிரெஞ்சுல, மத்தது பெரும்பாலும் ஆங்கிலத்துல. அவங்க முறைக்கு 'ஃப்ரீ புரோகிரஸ்'னு பேரு. சுதந்திர முன்னேற்றம். மேல் வகுப்புகள்ல மாணவர் தனக்கு வேண்டிய பாடத்தை, வேண்டிய ஆசிரியரோட சேர்ந்து அமைச்சுக்கலாம்.

தேர்வுகளைப் பத்தி அன்னைக்கு இருந்த கருத்து ரொம்ப வெளிப்படையானது. ஒரு மாணவருக்கு அறிவும் ஆர்வமும் கவனமும் இருக்கான்னு தெரிஞ்சுக்க தேர்வு ஒரு காலாவதியான வழி, ஞாபகசக்தி மட்டும் இருந்தா இயந்திரம் மாதிரி பதில் எழுதிடலாம் என்பது அவருடைய வாதம். அப்போ ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல இருந்து பார்க்கிறதாலதான். சின்ன வகுப்பு, கூடவே இருக்கிற ஆசிரியர், பிள்ளையோட நோட்டு, அது கேக்குற கேள்வி, பாதியில விட்ட வேலை. அங்கே அளவே கிடையாதுன்னு நினைச்சுக்காதீங்க. ஓட்டப் போட்டி உண்டு, ஸ்டாப்வாட்ச் உண்டு. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 2ஆம் தேதி விளையாட்டு மைதானத்துல உடற்பயிற்சி நிகழ்ச்சி நடக்கும், பழகினதை ஊர் பார்க்கச் செஞ்சு காட்டுவாங்க. செய்யத் தெரியுமா தெரியாதாங்கிறது கண்ணுக்கு முன்னாடி. அது மேல ஒரு சான்றிதழோ சீட்டோ தொங்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தொங்காத இடத்துலதான் ரகசியமே இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஆசிரியர் "உனக்கு இந்த இடம் இன்னும் சரியா வரல"ன்னு சொன்னா, அங்கே அது ஒரு தகவல். நம்ம பள்ளியில அதே வாக்கியம் ஒரு தண்டனை. தகவலைக் கேட்டுட்டுப் பிள்ளை திரும்ப முயற்சி பண்ணும். தண்டனையிலிருந்து தப்பிக்க மட்டும்தான் பார்க்கும்.

ஆனா விலை இல்லாம இல்ல. அங்கே சொல்லிக் கொடுக்கிறவங்கள்ல பலர் ஆசிரமவாசிகள், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்க இல்ல. மாணவர் எண்ணிக்கை குறைவு, எல்லாருக்கும் இடம் கிடையாது. வெளியே வந்து இந்தியாவுல ஒரு கல்லூரியிலோ அரசு வேலையிலோ "மார்க் ஷீட் எங்கே"ன்னு கேட்டா, நீட்ட ஒரு பட்டம் கிடையாது. நுழைவாசல்ல நிக்கிற அந்நியருக்கு அந்த ஆசிரியரைத் தெரியாது. தெரியாதவரோட வார்த்தையை அவர் எதுக்கு நம்பணும்? சோதிச்சுப் பார்க்கிற வேலையை இந்தப் பள்ளி அருமையாச் செய்யுது. தேர்ந்தெடுக்கிற வேலையைச் செய்யவே மாட்டேன்னு சொல்லிடுச்சு. அது நேர்மையான முடிவு. ஆனா அந்த முடிவை எடுக்க வசதி இருக்கிற குடும்பங்கள் எத்தனை? நீட் எழுதியே ஆகணும்னு நிக்கிற வீட்டுல இதைச் சொல்ல முடியாது.

இப்போ மறுபடி மிஷன் வீதி. நிறைய பேர் படிக்கிறது இந்த மாதிரி அரசுப் பள்ளிகள்லதான். புதுச்சேரிக்குன்னு தனியா ஒரு கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் ரொம்ப காலமா தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹே கேரளாவோடது, ஏனாம் ஆந்திராவோடது. அப்புறம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின. 2014-15ல ஒண்ணாம் வகுப்புல தொடங்கின மாற்றம், 2023-24ல மேல் வகுப்புகளுக்கும் வந்தது.

சிபிஎஸ்இ இந்த 'எழுத்துக்கு மாற்று' விஷயத்துல ஏற்கனவே ஒரு தடவை பெரிய பரிசோதனை பண்ணிப் பார்த்திருக்கு. 2009ல வந்த சிசிஇ. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. வருஷத்துல நாலு 'ஃபார்மேட்டிவ்', தலா 10 சதவீதம். ரெண்டு 'சம்மேட்டிவ்', தலா 30. பத்தாம் வகுப்பு போர்டு தேர்வே விருப்பமாச்சு. தமிழ்நாட்டுலயும் 2012-13ல முப்பருவத்தோட இதே மாதிரி ஒண்ணு வந்தது, 40க்கு வளரறி, 60க்கு தொகுத்தறி. உங்கள்ல நிறைய பேர் இந்த முறையில படிச்சவங்கதான். ஞாபகம் இருக்கா? புராஜெக்ட், சார்ட், மாடல், ஸ்கிராப்புக். ஸ்டேஷனரி கடையில ரெடிமேடா வாங்கின படத்தாள். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா தெர்மாகோல் வெட்டிக்கிட்டு இருப்பாங்க, பிள்ளை தூங்கிக்கிட்டு இருக்கும். மறுநாள் டீச்சர் 10க்கு 9 போடுவாங்க. அந்த ஒன்பது யாருக்கு? அம்மாவுக்கு.

2017ல சிபிஎஸ்இ அதைக் கைவிட்டது. 2018லிருந்து பத்தாம் வகுப்பு போர்டு மறுபடி கட்டாயம். "பார்த்தீங்களா, மாற்று முறை நம்ம ஊருக்குச் சரிப்படாது"ன்னு அப்போ நிறைய பேர் சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. வளரறி மதிப்பீடுங்கிறது பாடம் நடக்கும்போதே டீச்சர் எட்டிப் பார்க்கிறது. சாம்பார் கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டுப் பார்க்கிறாங்களே, அந்த மாதிரி. உப்பு குறைஞ்சா போடலாம். அந்தச் சொட்டுக்கு மார்க் போட்டு ரிப்போர்ட் கார்டுல சேர்த்தா, சமைக்கிறவங்க அந்தச் சொட்டை மட்டும் ருசியாக்க ஆரம்பிச்சிடுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இருந்த டென்ஷனை நாலு தடவையா பிரிச்சுக் கொடுத்தோம். வேற ஒண்ணும் நடக்கல.

இன்னைக்குப் பத்தாம் வகுப்புல மிச்சம் இருக்கிறது 80க்கு எழுத்து, 20க்கு இன்டர்னல். அந்த இருபதுக்குள்ள பீரியாடிக் டெஸ்ட்டுக்கு 5, பலவகை மதிப்பீட்டுக்கு 5, போர்ட்ஃபோலியோவுக்கு 5, பாடம் சார்ந்த செயல்பாட்டுக்கு 5. காகிதத்துல பார்க்க அழகா இருக்கு. இன்டர்னல்னு சொன்னதும் காலேஜ் படிக்கிறவங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? "இன்டர்னல்ல கை வெச்சிடுவேன்." இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேக்காம பட்டம் வாங்கினவங்க கம்மி. ஆசிரியரோட கண்ணுதான் பிள்ளையை நல்லாப் பார்க்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கண்ணுக்குப் பின்னாடி அதிகாரம் வந்து உட்கார்ந்ததும் அது கண்காணிப்பாயிடுது. கேள்வி கேட்டா குறையும், எதிர்த்துப் பேசினா குறையும்.

ஆசிரியர் மதிப்பீட்டை வெச்சு பெரிய முடிவு எடுத்தா என்ன ஆகும்னு கோவிட் காலத்துல உலகமே பார்த்தது. 2020ல இங்கிலாந்துல ஏ-லெவல் தேர்வு ரத்தாச்சு. ஆசிரியர்கள் கணிச்ச கிரேடுகளை அரசு நம்பல. பள்ளியோட பழைய ரிசல்ட்டை வெச்சு ஒரு கணக்கீட்டு முறை ஓட்டினாங்க. கிட்டத்தட்ட 40 சதவீத கிரேடுகள் கீழே இறங்கின. நல்ல ரிசல்ட் காட்டின வரலாறு இல்லாத பள்ளியில படிச்ச கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பெரிய அடி. தெருவுல போராட்டம், சில நாள்லயே அரசு பின்வாங்கி ஆசிரியர் கொடுத்த கிரேடையே ஏத்துக்கிச்சு. 2021ல இங்கே சிபிஎஸ்இ பிளஸ் டூ மாணவர்களுக்கு 10ஆம் வகுப்பிலிருந்து 30, 11லிருந்து 30, 12லிருந்து 40 சதவீதம்னு கணக்குப் போட்டாங்க. அதையும் பள்ளியோட முந்தின வருஷ ரிசல்ட்டோட ஒப்பிட்டுச் சரிக்கட்டச் சொன்னாங்க. பன்னிரண்டு வருஷம் கூட இருந்த ஆசிரியர் சொல்றதை ஒரு நாட்டோட கல்வி அமைப்பு நம்பத் தயாரா இல்ல. நம்பாததுக்குக் காரணமும் இருந்தது.

அப்போ எழுத்துக்கு வெளியே நியாயமா அளக்கவே முடியாதா? முடியும். மருத்துவப் படிப்புல ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. பழைய முறையில மாணவருக்கு ஒரு நோயாளி, ஒரு எக்ஸாமினர். சுலபமான நோயாளி வந்தா அதிர்ஷ்டம், கோபக்கார எக்ஸாமினர் வந்தா துரதிர்ஷ்டம். 1975ல ஸ்காட்லாந்தின் டண்டீயில ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவ ஆசிரியரும் அவர் குழுவும் 'ஆஸ்கி' என்ற முறையை வெளியிட்டாங்க. ஒரு ஹால்ல வரிசையா பல நிலையம். ஒண்ணுல ரத்த அழுத்தம் பார்க்கணும், ஒண்ணுல எக்ஸ்ரே படிக்கணும், ஒண்ணுல நோயாளியா நடிக்கிறவர்கிட்ட கெட்ட செய்தியைப் பக்குவமாச் சொல்லணும். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், அடுத்த நிலையத்துக்கு நகரணும். எல்லாருக்கும் அதே வேலை, அதே நேரம், எக்ஸாமினர் கையில அதே செக்லிஸ்ட். ஒரு நிலையத்துல ஒருத்தருக்கு உங்களைப் பிடிக்கலைன்னாலும், மத்த நிலையங்கள்ல வேற வேற ஆள். இப்போ இந்தியாவுல மருத்துவக் கல்லூரிகள்லயும் இது பழக்கமான முறை. இந்த ஊர்லயே ஜிப்மர் தொடங்கி எத்தனை மருத்துவக் கல்லூரி இருக்கு! தெரிஞ்ச மெடிக்கல் ஸ்டூடன்ட் யாராவது இருந்தா 'ஆஸ்கி' எப்படின்னு கேட்டுப் பாருங்க, அந்த மணிச் சத்தத்தைப் பத்தித்தான் முதல்ல சொல்வாங்க.

கிராண்ட் ஓரல்ல ரெண்டு பேர் உட்கார்றதும் ஆஸ்கியில ஆள் மாறிக்கிட்டே இருக்கிறதும் ஒரே எண்ணத்துலதான். பேச்சையும் செயலையும் வெச்சுத் தேர்ந்தெடுக்கணும்னா, ஒரே ஒருத்தரோட கண்ணை நம்பி விடக்கூடாது. இதுக்குப் பணம் ஆகும், ஆள் ஆகும், நேரம் ஆகும். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மூணு மணி நேர வினாத்தாள்தான் மலிவு. அதை மறைச்சுட்டு "குழந்தைகளை மார்க்கால் அளக்காதீர்கள்"னு போஸ்டர் ஒட்டுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

சரி, சோதிச்சுப் பார்க்கிற பக்கம்? அதைப் பெரிய அளவுல செய்ய முடியாதுன்னு சொல்றவங்களுக்குச் சென்னையிலேயே ஒரு உதாரணம் இருக்கு. 2003 வாக்குல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவோட ரிஷி வேலி பள்ளியிலிருந்து எடுத்த யோசனை. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டையாப் பிரிச்சு, சுவத்துல ஏணிப்படி மாதிரி ஒரு வரைபடம். பிள்ளை தான் எந்தப் படியில நிக்குதுன்னு அதுவே பார்த்துக்கும். படிகளுக்கு நடுவுல மதிப்பீட்டு அட்டையும் ஒரு படி. அதை முடிச்சா அடுத்ததுக்குப் போகலாம், வரலைன்னா திரும்பச் செய்யலாம். பக்கத்துல இருக்கிற பிள்ளை வேற படியில இருக்கும், அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. சில வருஷத்துல தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிச்சு. எல்லா இடத்துலயும் நல்லா நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஒரே ஆசிரியர் பல வகுப்பு பார்க்கிற பள்ளியில அட்டை பாதி, ஆள் பாதின்னு இழுத்தது. ஆனா அங்கே பரீட்சைங்கிறது பாடத்துக்குள்ளேயே கரைஞ்சிருந்தது.

போன மாசம் ஒரு டீச்சர், இந்த ஊர்க்காரங்கதான், நமக்கு மெயில் அனுப்பியிருந்தாங்க. "பேசுறது ஈஸி. என் கிளாஸ்ல நாப்பது பேர். எழுத வைக்காம நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" மேடம், நாலஞ்சு ஆசிரியர்கள்கிட்ட கேட்டு வெச்சதைச் சொல்றேன். வகுப்பு முடியுறதுக்கு மூணு நிமிஷம் முன்னாடி ஒரு துண்டுச் சீட்டு: இன்னைக்கு எது புரியலைன்னு ஒரு வரி, பேர் எழுத வேண்டாம். நாப்பது சீட்டைப் படிக்க ஆறேழு நிமிஷம். நாளைக்கு எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு அதுலயே தெரிஞ்சிடும். அப்புறம், தினம் ரெண்டு பேர் மட்டும் ஒரு நிமிஷம், வேற செக்‌ஷன் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நேத்துப் பாடத்தைச் சொல்லணும். ஒரு மாசத்துல நாப்பது பேரும் பேசி முடிச்சிருப்பாங்க. கணக்குல, விடையை நீங்களே தப்பாப் போட்டுக் கொடுத்து எந்த வரியில தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. சரியான விடையை மனப்பாடம் பண்ணலாம், தப்பைக் கண்டுபிடிக்கிறதை மனப்பாடம் பண்ண முடியாது. முக்கியமா, இது எதுக்கும் மார்க் போடாதீங்க. ஹெட்மாஸ்டர் ரெக்கார்டு கேட்டாலும் அந்தச் சீட்டுகளைக் காட்டுங்க, நம்பரா மாத்திடாதீங்க.

மேலிருந்தும் ஒண்ணு வந்துக்கிட்டு இருக்கு. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த 'பரக்' அமைப்பு, முழுமையான முன்னேற்ற அட்டைன்னு ஒண்ணு தயாரிச்சிருக்கு. ஆசிரியர் மட்டும் இல்ல, பிள்ளை தன்னைத்தானே மதிப்பிடணும், கூடப் படிக்கிறவங்களும் மதிப்பிடணும். மார்க்குக்குப் பதிலா ஓடை, மலை, வானம்னு மூணு நிலை. கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் பார்க்கப்போறது ஒண்ணே ஒண்ணு: ஒரு நல்ல பள்ளியில ஆறாம் வகுப்பு அட்மிஷன் கேட்டு நிக்கும்போது, "உங்க பிள்ளைக்கு எத்தனை வானம், எத்தனை ஓடை?"ன்னு கேக்க ஆரம்பிக்கிறாங்களா இல்லையா.

உங்க பள்ளியிலோ காலேஜ்லயோ எழுத வைக்காம உங்களைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட டீச்சர் யாராவது இருந்தா, அவங்க என்ன செஞ்சாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் வேண்டாம், செஞ்சது மட்டும் போதும். அடுத்த எபிசோட்ல அதுல சிலதைப் போடுறோம்.